மன்னார் வளைகுடாவா, வண்டூரா?

பவளப்பாறை பார்க்க வேண்டும் என்று நெல்லைக்காரர் கிளம்பினால் இரண்டு வழி. ஒன்று பக்கத்தில்: மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா. 1986-ல் அறிவித்தது, 21 தீவுகள், தூத்துக்குடி முதல் பாம்பன் வரை. இன்னொன்று அந்தமானில், வண்டூரில் உள்ள மகாத்மா காந்தி பூங்கா. 1983-ல் வந்தது, 15 தீவுகள்.

செலவைப் பார்த்தால் பேச்சே இல்லை. தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். அந்தமானுக்குச் சென்னை போய் விமானம் பிடிக்க வேண்டும்.

ஆனால் நம் தீவுகளில் நினைத்தபோது இறங்க முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும். அது நியாயம்தான். ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி எடுத்ததில் விலாங்குசல்லித் தீவு மூழ்கியே போனது. வான் தீவும் தேய்ந்துபோய், இப்போது செயற்கைப் பாறைகள் போட்டுக் காக்கிறார்கள்.

வண்டூரிலிருந்து ஜாலி பாய் தீவுக்குப் படகு உண்டு; கண்ணாடித் தளப் படகில் பவளம் தெரியும். பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. மழைக்காலத்தில் ஜாலி பாய் மூடியிருக்கும், அப்போது ரெட் ஸ்கின் தீவுதான்.

கண்ணுக்கு விருந்து வேண்டுமா, வண்டூர். கடல்பசு மேயும் கடற்புல் வெளி நம் பக்கத்திலேயே இருப்பதால் என் ஓட்டு மன்னாருக்கு. கடல்பசுவைப் பார்ப்பது மட்டும் குதிரைக்கொம்பு, சொல்லிவிட்டேன்.