முதல் மொத்த மின்னஞ்சல்: ஜிமெயிலிலிருந்தா, மொத்த மின்னஞ்சல் சேவையிலிருந்தா?

சின்ன ஆன்லைன் கடைக்காரர் முதல் சலுகை அறிவிப்பை அனுப்பும்போது கை தானாக ஜிமெயிலுக்குத்தான் போகும். புதிதாக எதையும் கற்க வேண்டாம், முகவரிகளை பிசிசியில் (பெறுபவர்கள் ஒருவர் முகவரியை மற்றவர் பார்க்க முடியாத கட்டத்தில்) ஒட்டினால் போதும். ஆனால் அதே பட்டியலைத் தவறிப்போய் ‘பெறுநர்’ கட்டத்தில் ஒட்டிவிட்டால், வாடிக்கையாளர் அத்தனை பேரின் முகவரியும் எல்லோர் கண்ணிலும் படும். அனுப்பியதைத் தடுக்க அதிகபட்சம் 30 விநாடிதான். இலவசக் கணக்கில் நாளுக்கு 500 பேர் என்ற வரம்பும் உண்டு. தாண்டினால் 24 மணி நேரம் வரை அனுப்ப முடியாமல் போகலாம். ஆர்டர் எங்கே என்று கேட்பவருக்குக்கூடப் பதில் போட முடியாது.

மெயில்சிம்ப், பிரெவோ போன்ற மொத்த மின்னஞ்சல் சேவைகளில் தொடக்கத்தில்தான் தலைவலி. சொந்த டொமைன் (கடையின் பெயரிலான இணைய முகவரி) வேண்டும், அதில் டிகிம், டிமார்க் பதிவுகளை, அதாவது கடிதம் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் பதிவுகளை, சேர்க்க வேண்டும். ஒரு மாலைப்பொழுது போய்விடும். அப்புறம் நிம்மதி: விலகும் இணைப்பு தானாக வரும், செத்துப்போன முகவரிகள் பட்டியலிலிருந்து ஒதுங்கும், யார் எதைச் சொடுக்கினார்கள் என்பதும் தெரியும். விலக வழியில்லாத கடிதத்தைப் பெறுபவர் பெரும்பாலும் ஸ்பாம் பொத்தானைத்தான் அழுத்துவார். அடுத்த கடிதத்தையும் அது பாதிக்கும்.

நாற்பது, ஐம்பது பழைய வாடிக்கையாளர்கள்தான் என்றால் ஜிமெயிலே சரி, தனித்தனியாக எழுதினால் இன்னும் நல்லது. நூற்றுக்கணக்கில் போனால் சேவைதான் என் தேர்வு. முதலில் உங்களுக்கே ஒன்று அனுப்பிப் பாருங்கள். ‘வணக்கம்’ என்பதற்குப் பிறகு சேவை தானாகச் சேர்க்க வேண்டிய பெயர் வராமல் வெறும் காற்புள்ளி நிற்கிறதா என்று.