உயர்மின் பாதை: தோட்டத்துக்கு எந்த வழியில் சேதம் குறைவு?

ராய்கர்–புகலூர் 800 கிலோவோல்ட் நேர்மின்பாதை (டி.சி.) கொங்கு மாவட்டங்களுக்குள் வந்தபோது, 2018 டிசம்பரில் போராடிய விவசாயிகளின் முதன்மைக் கோரிக்கை, கோபுரத்தை விட்டுவிட்டுச் சாலையோரம் புதைவடமாக, அதாவது நிலத்தடி கேபிளாகக் கொண்டுபோக வேண்டும் என்பது. புகலூரிலிருந்து திருச்சூர் போகும் 320 கிலோவோல்ட் பாதையில், கேரளத்துக்குள் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் புதைவடம்தான். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது என்று கேட்பது நியாயம். ஆனால் பதில் எல்லாப் பாதைக்கும் ஒன்றல்ல. மின்னழுத்தம் எவ்வளவு, மாறுமின்னா (ஏ.சி.) நேர்மின்னா என்பதைப் பார்த்துத்தான் எதைக் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

புதிய பாதையே தேவையா?

இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். கூட்டங்களில் பெரும்பாலும் கேட்பதில்லை. இருக்கிற கோபுரங்களிலேயே பழைய கம்பியை இறக்கிவிட்டு, அதிக வெப்பம் தாங்கும், தொய்வு குறைந்த கம்பியை ஏற்றலாம். வழக்கமான எஃகு–அலுமினியக் கம்பியை 75 முதல் 85 டிகிரி வரைதான் சூடேற விடுகிறார்கள். புது வகைக் கம்பி 150 டிகிரியும் அதற்கு மேலும் தாங்குவதால், ஏறக்குறைய இரு மடங்கு மின்னோட்டம் போகும். புதிதாக ஒரு சென்ட் நிலமும் வேண்டாம். 110, 230 கிலோவோல்ட் பாதைகளுக்கு இது நன்றாகப் பொருந்தும். மின்னிழப்பு கூடும் என்பது குறை. பல நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஆயிரக்கணக்கான மெகாவாட் கொண்டுவர இது உதவாது.

புதைவடம்

மாறுமின் வடத்துக்குள் மின்னேற்றத்துக்கென்றே ஒரு மின்னோட்டம் வீணாக ஓடும். 400 கிலோவோல்ட்டில் அது கிலோமீட்டருக்குச் சுமார் 15 ஆம்பியர். 50 கிலோமீட்டர் போனால் 750 ஆம்பியர். வடத்தின் கொள்ளளவில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். ஈடுகட்ட வழியில் ரியாக்டர் என்னும் பெரிய மின்சுருள்கள் வைத்த நிலையங்கள் கட்ட வேண்டும், அதற்கும் நிலம் வேண்டும். 110 கிலோவோல்ட்டில் இது கிலோமீட்டருக்கு 4 ஆம்பியர்தான். நேர்மின்னில் இந்தச் சிக்கலே கிடையாது. 320 கிலோவோல்ட் பாதையைப் புதைக்க முடிந்ததற்கு அது முக்கியக் காரணம். 800 கிலோவோல்ட்டிலோ நிலத்தடியில் நீண்ட தூரம் போகும் வடம் புழக்கத்தில் இல்லை.

ஆகவே 110 கிலோவோல்ட்டுக்கும், நடுத்தர அழுத்த நேர்மின்பாதைக்கும் புதைவடம் கேட்பதில் வலு இருக்கிறது. செலவு பல மடங்கு ஆகும் என்று அதிகாரிகள் சொல்வது உண்மை. எனினும் அந்தக் கணக்கில் வெட்டப்படும் தென்னை இனித் தரவிருந்த பல ஆண்டு வருமானம் சேர்வதில்லை என்பதும் உண்மை.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: வடம் சாலையோரம்தான் போக வேண்டும். தோட்டத்துக்குள் போனால் நன்மை பாதி கெட்டுவிடும். ஒன்றரை மீட்டர் ஆழப் பள்ளத்தில் மேல்மண்ணும் அடிமண்ணும் கலக்கும். வடத்தின் சூட்டில் சுற்றியுள்ள மண் காயும். அதன்மேல் மரம் வைக்கவோ போர்வெல் போடவோ முடியாது. சில நூறு மீட்டருக்கு ஓர் இணைப்புக் குழி வரும். பழுது ஏற்பட்டால் விளைந்த பயிருக்குள் மீண்டும் தோண்டுவார்கள், அந்த வேலை வாரக்கணக்கில் இழுக்கும்.

கோபுரம்தான் என்றால்: குறுக்கேயா, வரப்போரமா?

765 கிலோவோல்ட்டுக்கு நடைமுறையில் கோபுரம்தான். 400-லும் பெரும்பாலும் அதுவே. பேரம் பேச இடம் அதிகம் இருப்பதும் இங்கேதான்.

இரட்டைச் சுற்று (ஒரே கோபுரத்தில் இரண்டு மின்சுற்று) 400 கிலோவோல்ட் பாதையின் அகலம் 46 மீட்டர். சதுரமான ஒரு ஏக்கரின் பக்கம் 63.6 மீட்டர். பாதை நடுவே போனால் 72 சென்ட் கம்பியின் கீழ் வரும். மூலைவிட்டமாகப் போனால் 76 சென்ட். வரப்பின்மேல் போனால் இருபக்கத்தாருக்கும் ஆளுக்கு 36 சென்ட், கோபுரக் காலும் வரப்பில் நிற்கும். 765 கிலோவோல்ட் இரட்டைச் சுற்றின் அகலம் 67 மீட்டர். அதன் நடுக்கோடு போனால் ஒரு ஏக்கர்காரருக்கு மிச்சமே இல்லை.

நிறுவனங்கள் நேர்கோட்டை விரும்புவதற்குக் காரணம் கோபுர வகை. 2 டிகிரி வரை திரும்பும் இடத்தில் இலகுவான தொங்கு கோபுரம் போதும். அதற்கு மேல் 15, 30, 60 டிகிரிக்கு, வளைவின் இழுப்பைத் தாங்கும் ஆங்கிள் கோபுரம் வேண்டும். எஃகும் கான்கிரீட்டும் மிகுதி. வரப்பை ஒட்டி வளைந்து போகச் சொன்னால் ஒவ்வொரு வளைவுக்கும் செலவு ஏறும். அதனால் முழுப் பாதையையும் வளைக்கச் சொல்வதைவிட, இரண்டு ஆங்கிள் கோபுரங்களுக்கு நடுவே தொங்கு கோபுரங்களை முன்பின் நகர்த்திக் காலை வரப்பில் வைக்கச் சொல்வது எளிதில் நடக்கும். 400 கிலோவோல்ட்டில் கோபுரங்களுக்கு இடைவெளி சுமார் 400 மீட்டர். அதில் சில பத்து மீட்டர் நகர்த்த வழக்கமாக இடமிருக்கும். கோபுர இடங்களை நிலத்தில் குறிக்கும் செக் சர்வே நடக்கும்போதே எஃப்.எம்.பி. என்னும் புல வரைபடத்தில் கிணறு, போர்வெல், வாய்க்கால், களம் எல்லாவற்றையும் குறித்துக் கொடுத்துவிட வேண்டும். அடித்தளம் போட்ட பிறகு பேசிப் பயனில்லை.

வயலின் நடுவே நிற்கும் கோபுரம் நான்கு காலுக்குள் அடங்கும் நிலத்தை மட்டும் விழுங்குவதில்லை. டிராக்டர் திரும்ப இடம் விட வேண்டும், சொட்டுநீர்க் குழாயைச் சுற்றிப் போட வேண்டும், உள்ளே களை மண்டும். ஒற்றைத்தூண் கோபுரம் அடியில் மிகக் குறைந்த இடமே எடுக்கும், விலை அதிகம். கம்பியின் கீழ் போகும் நிலமோ இதனால் பெரிதாகக் குறையாது.

கம்பியின் கீழ் என்ன வளரும்? 400 கிலோவோல்ட் கம்பி தரையிலிருந்து குறைந்தது 8.84 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மரத்துக்கும் கம்பிக்கும் 5.5 மீட்டர் இடைவெளி வேண்டும். கோடைப் பகலில் இரு கோபுரங்களுக்கு நடுவே கம்பி மிகவும் தொய்யும் இடத்தில், பயிருக்கு மிஞ்சுவது 3.3 மீட்டர்தான். மஞ்சள், கடலை, மக்காச்சோளம் பரவாயில்லை. வாழையும் கரும்பும் அந்த எல்லையைத் தொடும்; தென்னைக்கு இடமே இல்லை. தோப்பைத் தாண்டியே தீர வேண்டுமென்றால், உயரம் கூட்டிய கோபுரம் கேளுங்கள். அடிப்பகுதியில் 6, 9 மீட்டர் நீட்டிப்பு வைப்பது வழக்கமான ஏற்பாடுதான்.

போர்வெல்லில் மோட்டார் தூக்குவதுதான் உயிர்போகும் ஆபத்து. 20 அடி இரும்புக் குழாயை முக்காலியில் ஏற்றினால் கம்பியைத் தொடவே வேண்டாம், நெருங்கினாலே மின்சாரம் பாயும். மாறுமின் பாதைக்கு இணையாக ஓடும் கல்லுக்கால் பந்தல் கம்பியிலும் வேலியிலும் தூண்டு மின்னழுத்தம் ஏறும். அவற்றை ஆங்காங்கே துண்டித்து எர்த் செய்து தருவதை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

இழப்பீடும் வேலைநேரமும்

மத்திய மின்துறையின் 2015 வழிகாட்டுதலில் கோபுர அடிநிலத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதம், கம்பிப் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று இருந்தது. 2024 ஜூனில் அது 200, 30 சதவீதம் ஆனது. கோபுரத்தின் ஒவ்வொரு பக்கமும் ஒரு மீட்டரைச் சேர்த்து அளக்க வேண்டும். மாநிலப் பாதைகளுக்கு இந்த வழிகாட்டுதல் அந்தந்த மாநில அரசு ஏற்றால்தான் பொருந்தும். பயிர், மர இழப்பீடு தனி. தொகை போதவில்லை என்றால் 1885 தந்திச் சட்டத்தின் 16(3) பிரிவின்படி மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

அறுவடை முடிந்து நிலம் காய்ந்திருக்கும்போது வேலை நடந்தால் சேதம் வெகுவாகக் குறையும். ஈரக் கரிசலில் கிரேன் ஏறினால் அடிமண் இறுகிப் பல போகத்துக்கு விளைச்சல் குறையும். மேல்மண் 30 சென்டிமீட்டரைத் தனியே குவித்து, அடிமண்ணைப் படிப்படியாகக் கெட்டித்த பின் மேலே பரப்ப வேண்டும். கம்பியைத் தரையில் இழுக்காமல் இழுவிசை இயந்திரத்தால் ஏற்ற வேண்டும். முடிந்ததும் வண்டி ஓடிய தடம் முழுக்க உளிக்கலப்பையால் 45 சென்டிமீட்டர் ஆழம் உழுது தர வேண்டும். இழப்பீட்டின் கடைசித் தவணைக்கு ரசீது தருவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.