பழைய நிக்கானா, புதிய சோனியா: ஒரு கிளிக்குக்கு எத்தனை காசு?

நிக்கான் டி750 கேமராவைப் பழையதாக வாங்குவதா, சோனி ஏ7 III-ஐப் புதிதாக வாங்குவதா என்று நண்பர் கேட்டார். இரண்டும் 24 மெகாபிக்சல், இரண்டும் ஃபுல் ஃபிரேம், அதாவது பழைய 35 எம்எம் ஃபிலிம் அளவு சென்சார். அச்சிட்ட படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது எதில் எடுத்தது என்று நானே தடுமாறுவேன். ஆகவே காசை மட்டும் பார்ப்போம்.

டி750 வந்தது 2014-இல். விலைச்சரிவின் பெரும்பங்கை முதல் சொந்தக்காரரே சுமந்துவிட்டார். 45,000 ரூபாய்க்கு வாங்கி, நான்கு ஆண்டு கழித்து 25,000-க்கு விற்றதாக வைத்துக்கொண்டால் இழப்பு 20,000. ஏ7 III 2018-இல் இந்தியாவுக்கு வந்தபோது லென்ஸ் இல்லாமல் பாடி மட்டும் 1,64,990 ரூபாய். அன்று வாங்கியவர் நான்கு ஆண்டில் பாதி விலைக்கு விற்றிருந்தாலும் 82,000 போயிருக்கும்.

இந்த இடத்தில் கணக்கை மூடிவிடுபவர்கள்தான் அதிகம். ஆண்டுக்கு 10,000 படம் எடுப்பவருக்கு நிக்கானில் ஒரு கிளிக்குக்கு 50 காசு, சோனியில் இரண்டு ரூபாய். சரி. கல்யாண சீசனில் ஓய்வே இல்லாமல், ஆண்டுக்கு 50,000 படம் எடுப்பவருக்கோ சோனியில் 41 காசுதான். ஏற்கெனவே 60,000 முறை இயங்கிய பழைய டி750 அவரிடம் அவ்வளவு நாள் உழைக்குமா என்பதே சந்தேகம். ஒவ்வொரு கிளிக்குக்கும் திறந்து மூடும் அதன் ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது, சோனியுடையது 2,00,000. தவிர, ஜிஎஸ்டி பதிவுள்ள ஸ்டுடியோ புதிதாக வாங்கினால் 18 விழுக்காடு வரி உள்ளீட்டு வரவாகத் திரும்பும். பதிவில்லாத தனிநபரிடம் பழையது வாங்கினால் அது கிடையாது.

யானை வாங்கியவன் அங்குசமும் வாங்க வேண்டும். டி750-இன் ஒரு பேட்டரி தர அளவீட்டின்படி 1,230 படம் தாங்கும், சோனி 710. உபரி பேட்டரிச் செலவு சோனிக்காரருக்கு நிச்சயம்.

லென்ஸ்தான் வில்லங்கம். "பாடி கத்தரிக்காய், லென்ஸ் தங்கம்" என்று, அதாவது பாடியின் விலை வாடும், லென்ஸின் விலை நிற்கும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் பலருக்குச் சொன்னேன். 1959 முதல் இருந்த நிக்கானின் எஃப் மவுண்ட் (லென்ஸைப் பாடியில் பொருத்தும் அமைப்பு) இருக்கும்வரை அது உண்மை. 2018-இல் நிக்கான் இசட் மவுண்டுக்கு மாறியது. என்னிடமுள்ள 85 எம்எம் எஃப் 1.8டி லென்ஸுக்குள் மோட்டார் இல்லை. பாடியில் உள்ள மோட்டார்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி750-இல் உண்டு. பழைய எஃப் லென்ஸை இசட் கேமராவில் மாட்ட நிக்கான் தரும் எஃப்டிஇசட் அடாப்டரில் இல்லை. அங்கே இந்த லென்ஸைக் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். கண்ணாடி அதே கண்ணாடி. வாங்க ஆள் மட்டும் குறைந்துவிட்டது. சோனியின் இ மவுண்டுக்குப் புது லென்ஸ்கள் இன்னும் வந்தபடி இருப்பதால் அந்தப் பக்கம் இந்தக் கவலை இப்போதைக்கு இல்லை.

விலையே இறங்காத கேமராதான் வேண்டும் என்பவர்கள் லைகா எம்6-ஐக் காட்டுவார்கள். 1984-இல் வந்த ஃபிலிம் கேமரா. 2022-இல் லைகாவே அதை மறுபடி 5,295 டாலருக்கு விற்கத் தொடங்கியது. மறுவிற்பனையில் நட்டமில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரோல், கழுவுதல், ஸ்கேன் எல்லாம் சேர்த்து 1,200 ரூபாய் என்றால், 36 படத்துக்குப் படம் ஒன்று 33 ரூபாய். இழப்பே இல்லாத கேமராவில்தான் கிளிக் இவ்வளவு விலை!

நண்பர் ஞாயிற்றுக்கிழமைகளில் பறவையும் பேத்தியும் எடுப்பவர். அவருக்கு டி750 போதும். ஆனால் பழைய கேமராவைப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஷட்டர் எண்ணிக்கை, எடுத்த படக்கோப்பிலேயே பதிவாகியிருக்கும். லென்ஸைப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால் பூஞ்சை சிலந்தி நூல்போலத் தெரியும். சென்னைப் புழுக்கத்தில் அலமாரியில் சும்மா வைத்த லென்ஸுக்கு அது எளிதில் வரும், வந்தால் விலை சரிந்துவிடும். இந்த வாரம் ஒன்றைப் பார்க்கப் போகிறோம். கடைக்காரர் வாய்ச்சொல்லை நான் பார்த்துக்கொள்கிறேன், டார்ச்சை மட்டும் மறக்காமல் எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.