தைராய்டு மாத்திரையும் ஆளுக்கொரு ஆலோசனையும்: ஒரு நீண்ட கால அனுபவம்

லெவோதைராக்சின் 75 மைக்ரோகிராம். தினமும் எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. தைராய்டு குறைவாகச் சுரப்பதற்காக நான் சாப்பிடும் மருந்து இது ஒன்றுதான். பல வருடங்களாகச் சாப்பிட்டு வருகிறேன், நல்ல மருந்து என்று தயங்காமல் சொல்வேன். தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, மலச்சிக்கல், மதுரை வெயிலிலும் போர்வையைத் தேடவைத்த குளிர் எல்லாம் சில மாதங்களில் விலகிவிட்டன. என்னை அலைக்கழித்தவை மருந்தைச் சுற்றி வந்த ஆலோசனைகள்தான். திருநகரிலிருந்து பஸ் ஏறி, ஒரே ரிப்போர்ட்டை இரண்டு டாக்டர்களிடம் காட்டி, நேர் எதிரான இரண்டு பதில்களோடு வீடு திரும்பினால் யாருக்கும் தலை சுற்றும்.

முதல் முரண்பாடு தொடக்கத்திலேயே வந்தது. என் டி.எஸ்.எச். அளவு 7.8. தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன் இது, தைராய்டு குறைந்தால் ஏறும், மிகுந்தால் இறங்கும். ஒருவர் உடனே மாத்திரை தொடங்கச் சொன்னார். இன்னொருவர், ஃப்ரீ டி4 (ரத்தத்தில் உள்ள தைராய்டு ஹார்மோன்) சரியாக இருக்கிறது, மூன்று மாதம் பொறுத்து மறுபடி பார்க்கலாம் என்றார். அப்போது இருவரில் ஒருவர் தவறாகச் சொல்கிறார் என்றே நினைக்கத் தோன்றும். உண்மையில் மருத்துவத்திலேயே இது கருத்து வேறுபாடு உள்ள இடம். டி.எஸ்.எச். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலான டாக்டர்கள் மாத்திரை தொடங்குவார்கள். ஏறக்குறைய 4.5-க்கும் 10-க்கும் நடுவே இருந்து, டி4-ம் சரியாக இருந்தால், வயது, அறிகுறிகள், கர்ப்பம், எதிர்ப்புப் புரதம் எல்லாவற்றையும் வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். கர்ப்பிணிகளுக்குக் காத்திருக்க நேரமில்லை. முதியவர்களுக்கோ அந்த அளவு சற்றுக் கூடுவது வயதின் இயல்பாகவும் இருக்கலாம். எனக்கு ஆன்டி டி.பி.ஓ. என்ற அந்த எதிர்ப்புப் புரதம் அதிகமாக இருந்தது, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹஷிமோட்டோ நோய், 1912-ல் ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ முதலில் விவரித்தது. அடுத்த பரிசோதனையில் அளவு 10-ஐத் தாண்டியது. காத்திருக்கச் சொன்ன அதே டாக்டர்தான் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

அதைவிடப் பெரிய குழப்பம் சில வருடங்கள் கழித்து வந்தது. முடி கொட்டுகிறது என்று தோல் டாக்டரிடம் போனேன். பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை எழுதினார், நல்ல டோஸில். அடுத்த தைராய்டு பரிசோதனையில் டி.எஸ்.எச். 0.2 என்று வந்தது. பார்த்த டாக்டர், மருந்து அதிகமாகிவிட்டது, 50-க்கு இறக்குங்கள் என்றார். எனக்கோ படபடப்பு இல்லை, கை நடுக்கம் இல்லை, எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. மருந்து அதிகமானால் உடல் காட்ட வேண்டிய எதையும் என் உடல் காட்டவில்லை. இரண்டாவது டாக்டர் ரிப்போர்ட்டை எடுப்பதற்கு முன்பே, வேறு என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக அவருக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன். பல ஆய்வகங்களின் தைராய்டு பரிசோதனை, பயோட்டின் ஒட்டும் தன்மையை வைத்தே இயங்குகிறது. ரத்தத்தில் பயோட்டின் மிகுந்தால் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைத்தும் டி4 பொய்யாகக் கூட்டியும் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. பயோட்டினை நிறுத்திச் சில நாள் கழித்துப் பார்த்தபோது அளவு சரியாகவே இருந்தது. முடி மாத்திரை சாப்பிடும் பெண்கள் ஊரில் எத்தனையோ பேர். தயவுசெய்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுப்பதற்கு முன் அதை டாக்டரிடம் சொல்லுங்கள். குறைந்தது இரண்டு நாள் நிறுத்தச் சொல்வார்கள். டோஸ் பெரிதாக இருந்தால் இன்னும் கூடுதலாக.

அன்றிலிருந்து ஒரே ஆய்வகம், காலை நேரம், அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன் ரத்தம் என்று வைத்துக்கொண்டேன். டி.எஸ்.எச். இரவிலும் விடியலிலும் உயர்ந்து மதியத்தில் இறங்கும் தன்மை உடையது. ஒரு முறை காலையிலும் மறுமுறை மாலையிலும் கொடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால், நோய் மாறாமலேயே எண் மாறும். டோஸை மாற்றினாலும் ஆறு வாரம் கழித்தே பார்க்கிறேன். இந்த மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், அதற்குள் பார்த்து ஒன்றும் தெரியாது.

சாப்பாட்டு ஆலோசனைகளுக்கு அளவே இல்லை. முட்டைக்கோஸைக் கண்ணால்கூடப் பார்க்காதே என்பார் அண்ணி. வேகவைத்து வழக்கமான அளவில் சாப்பிட்டால் கெடுதல் இல்லை என்று இரண்டு டாக்டர்களுமே சொல்லிவிட்டார்கள். அயோடின் கலந்த உப்பு போதும். தனியாக அயோடின் மாத்திரை ஹஷிமோட்டோவை மோசமாக்கக்கூடும். இந்துப்புக்கு முழுதாக மாறவும் எனக்குச் சம்மதமில்லை, அதில் போதுமான அயோடின் கிடையாது. யாரும் எச்சரிக்காத ஒன்று நம் ஊர்ப் பருத்திப்பால். லெவோதைராக்சினின் மருந்துக் குறிப்பில், உறிஞ்சுதலைத் தடுக்கும் பொருள்களாக சோயா மாவோடு பருத்திவிதை மாவும் இடம்பெறுகிறது. வண்டியில் சுடச்சுட ஊற்றித் தரும் பருத்திப்பாலும் அதே அளவுக்குத் தடுக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் காலையில் மாத்திரை போட்ட கையோடு அதைக் குடிப்பதில்லை. சாயங்காலம் குடிக்கிறேன், சுக்கு மணத்தோடு, நிம்மதியாக. காபிக்கும் ஒரு மணி நேர இடைவெளி. இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேரம்.

இன்னொன்று, வெயில். இந்த மாத்திரைக்கு வெப்பமும் ஈரமும் ஆகாது. அக்னி நட்சத்திரத்தில் சமையலறை அலமாரி கொதிக்கும். அதனால் அடுப்பிலிருந்து விலகி, வீட்டின் உள்ளறையில், இறுக மூடிய பாட்டிலிலேயே வைக்கிறேன்.

அளவு சரியாகிவிட்டதே, இனி எதற்கு மாத்திரை என்று கேட்கும் உறவினர்கள் அன்பால்தான் கேட்கிறார்கள். சரியாக வைத்திருப்பதே அந்த மாத்திரைதான் என்று ஒவ்வொரு முறையும் பொறுமையாகச் சொல்கிறேன். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தியவர் பழைய அசதிக்கே திரும்பியதை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன்.

இன்றும் தீராத முரண்பாடு ஒன்று உண்டு. என் டி.எஸ்.எச். இப்போது 3.4. ஒரு டாக்டர் அதை 2.5-க்குக் கீழே கொண்டுவர 88-க்கு ஏற்றலாம் என்கிறார். இன்னொருவர், எல்லைக்குள் இருக்கிறது, உடம்பும் நன்றாக இருக்கிறது, மருந்து கூடிப்போனால் பின்னாளில் எலும்புக்கும் இதயத்துக்கும் நல்லதில்லை, விட்டுவிடுங்கள் என்கிறார். இருவரிடமும் காரணம் கேட்டேன், இருவரும் பொறுமையாக விளக்கினார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை, தூக்கம் வருகிறது, பகலில் கண் சொக்கவில்லை. 75-லேயே இருக்கிறேன், அடுத்த பரிசோதனை சித்திரைத் திருவிழா முடிந்ததும்.