‘டக்’ சத்தமும் தேவையில்லாமல் வாங்கிய செல்ஃப் மோட்டாரும்: ஏடிவியோடு ஆறு வருடம்

தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம், ஊடுபயிராக மிளகு. ஜீப் இறங்காத சரிவுகளுக்கு உர மூட்டை கொண்டுபோக 2019இல் ஒரு பழைய 500 சிசி ஏடிவி வாங்கினேன், அதாவது காட்டுமேட்டில் ஓட்டும் நாலு சக்கர பைக். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், நான் சொல்லப்போகும் தொல்லை எல்லா வண்டிக்கும் பொது. மற்றபடி வண்டி மேல் குறையே இல்லை, சேறு, கல், செங்குத்தான ஏற்றம் எதற்கும் முனகாது, டயர் ஒரு தடவைதான் மாற்றியிருக்கிறேன். ஆனால் இந்த ஆறு வருடத்தில் மூன்று முறை, பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்று சொல்லிவிட்டுச் சும்மா நின்றது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. மூன்றாவதில்தான் காசை விட்டேன்.

முதல் முறை 2020 நவம்பர், அடைமழை. அழுத்தினால் ‘டகடகடகடக’ என்று தையல் மெஷின் மாதிரி ஓடியது. ஓடைப் பக்கத்தில் நின்றுவிட்டதால் மூன்று பேர் சேர்ந்து தள்ளினோம், பைக் மாதிரி கியர் போட்டு விட்டால் எழுந்துவிடும் என்ற நினைப்பில். பெல்ட்டில் ஓடும் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது, இன்ஜின் சுற்றினால்தான் பெல்ட்டே பிடிக்கும் என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது. மூச்சு வாங்கியதுதான் மிச்சம். அந்த வேகமான டகடக பெரும்பாலும் பேட்டரி பலவீனம். பட்டனை அழுத்தியதும் ரிலே, அதாவது பேட்டரி கரன்ட்டை மோட்டாருக்கு விடும் சுவிட்ச், இழுக்கும், இன்ஜினைச் சுற்றி எழுப்பும் செல்ஃப் மோட்டார் கரன்ட்டைக் கேட்டதும் வோல்டேஜ் படுத்துவிடும், ரிலே விட்டுவிடும், விட்டதும் வோல்டேஜ் ஏறி மறுபடி இழுக்கும், இதேதான் திரும்பத் திரும்ப. வோல்டேஜ் மீட்டர் வைத்துப் பார்த்தபோது சும்மா இருக்கையில் 12.5 வோல்ட் காட்டிய பேட்டரி, பட்டனை அழுத்தியதும் 7க்கு இறங்கியது. நல்ல பேட்டரி என்றால் அந்த நேரத்தில் 10க்குக் கீழே போகக் கூடாது. சும்மா இருக்கும்போது அளந்துவிட்டு ‘பேட்டரி நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஜீப் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்து எழுப்பினோம், ஜீப் இன்ஜினை ஓட விடாமல்தான். வீட்டுக்கு வந்து புது பேட்டரி போட்டாயிற்று. கூடவே, இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14ஐ ஒட்டி வருகிறதா என்றும் பாருங்கள், வரவில்லை என்றால் சார்ஜிங்கில் கோளாறு, புது பேட்டரியும் சீக்கிரம் படுத்துவிடும்.

இரண்டாவது முறை 2022. இது ஒற்றை ‘டக்’. லைட் மங்கவே இல்லை. பேட்டரி முனையில் அழுத்தும்போதும் 12.6 அப்படியே நின்றது, அதாவது மோட்டாருக்குக் கரன்ட்டே போகவில்லை. ஸ்டார்ட்டர் ரிலேயில் இரண்டு தடித்த போல்ட் இருக்கும், ஒன்றில் பேட்டரி ஒயர், மற்றதில் மோட்டார் ஒயர். மீட்டரின் இரு முனையையும் அந்த இரண்டிலும் வைத்து அழுத்த வேண்டும். உள்ளே தகடு ஒழுங்காகத் தொட்டால் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துவிடும். எனக்கு 12 அசையவில்லை. சத்தம் வருகிறது, தகடு கருகியிருக்கிறது. ரிலே 900 ரூபாய், பத்து நிமிட வேலை. ஸ்க்ரூடிரைவரால் அந்த இரண்டு போல்ட்டையும் சேர்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யும் வித்தை உண்டு, பொறி பறக்கும், மேலே பெட்ரோல் டேங்க். நான் செய்யமாட்டேன், அதுவும் வண்டி கியரில் இருந்தால் உங்கள் காலில்தான் ஏறும்.

மூன்றாவது போன வருடம், சரியாகக் காப்பிப் பழம் பறிக்கும் நேரம். அதே ஒற்றை ‘டக்’, லைட்டும் பளிச்சென்று. இரண்டு தடவை சமாளித்த தெம்பில் ரிலேயை மட்டும் பார்த்தேன், நல்லாத்தான் இருந்தது. வேலை நெருக்கடியில் மேற்கொண்டு அளக்காமல் வண்டியைக் குட்டியானையில் ஏற்றி மலையிறக்கினேன். இந்த வண்டிக்கு ரோட்டில் ஓட்டப் பதிவு கிடையாது, அதனால் பட்டறைக்குப் போவதே ஒரு செலவு. மெக்கானிக் சத்தத்தைக் கேட்டதும், “சார், செல்ஃப் மோட்டார் போச்சு, மாத்திடலாம்” என்றார். 9,000 ரூபாய். பட்டறையில் இரண்டு முறை ஜம்மென்று ஸ்டார்ட் ஆனது. மேலே கொண்டுவந்தேன். மறுநாள் காலை, ‘டக்’.

அன்றைக்குத்தான் கோபத்தில் உட்கார்ந்து முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொன்று இன்ஜினின் வெறும் உலோகத்தில், தோட்டத்துத் தம்பியைப் பட்டனை அழுத்தச் சொன்னேன். எர்த், அதாவது பேட்டரி மைனஸை இன்ஜினோடு சேர்க்கும் ஒயர், சரியாக இருந்தால் 0.2, 0.3க்குள் காட்ட வேண்டும். “அண்ணே, ஆறு காட்டுது” என்றான். பேட்டரியின் பாதி வோல்டேஜ் எர்த் ஒயரிலேயே தின்னப்படுகிறது! செல்ஃப் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேலேயே இழுக்கக்கூடியது, அந்தப் பாதையில் துளி அழுக்கு இருந்தாலும் போதும்.

சீட்டைக் கழற்றி, ஒயரைப் பிடித்துக்கொண்டே கீழே போனால், இன்ஜினோடு சேரும் முனையில் காய்ந்த செம்மண். போல்ட்டைக் கழற்றியதும் வளையத்தில் பச்சைக் களிம்பு, ரப்பருக்குள் விரல் நீளத்துக்குச் செம்புக் கம்பி பொடியாகி உதிர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் ஒயர் புதுசு மாதிரி இருந்தது, அதுதான் எரிச்சல். ஒவ்வொரு ஞாயிறும் பிரஷர் பம்பு வைத்துக் கழுவிய என் புண்ணியம் அது. பட்டறையில் ஒயரை ஆட்டியதில் தற்காலிகமாகத் தொட்டிருக்க வேண்டும். புது தடித்த ஒயர் 250 ரூபாய், போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வேசலின். பட்டனைத் தொட்டதும் எழுந்தது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆழமான தண்ணீரில் இறங்கி ஏறிய பிறகு ஒற்றை ‘டக்’ வந்து லைட்டும் நன்றாக மங்கினால் மேற்கொண்டு பட்டனை அழுத்தாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். தண்ணீர் அமுங்காது, வலுக்கட்டாயமாகச் சுற்ற வைத்தால் கனெக்டிங் ராடு வளையும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுற்றினால் பீய்ச்சி அடிக்கும், முகத்தை நேரே வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம்.

இப்போது 400 ரூபாய் மீட்டர் ஒன்று சீட்டுக்கு அடியிலேயே கிடக்கிறது. கழற்றிய பழைய செல்ஃப் மோட்டாரை நேராகப் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தேன், கையை உதறிக்கொண்டு சுற்றியது. அதே மாடல் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன்.