பழைய தேக்குக் கட்டிலா, புது பார்ட்டிகிள் போர்டு கட்டிலா?

போன மாதம் வேளச்சேரியிலிருந்து குரோம்பேட்டைக்கு வீடு மாறினோம். ஏழு வருடத்தில் இது நான்காவது வாடகை வீடு. கட்டிலைக் கழற்றி, வண்டியில் ஏற்றி, இங்கே மறுபடி மாட்ட இருபது நிமிடம்கூட ஆகவில்லை. முன்பு வைத்திருந்த கட்டிலோடு இரண்டு தடவை வீடு மாறியவன் என்பதால் இதை எழுதத் தோன்றியது.

2018-இல் கடையில் புதுத் தேக்குக் கட்டில் விலை கேட்டோம். 48,000 சொன்னார்கள். நமக்கு ஆகாது என்று 15,000 ரூபாய்க்கு பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரச்சில்லுப் பலகைக் கட்டில் வாங்கினோம். 2022-இல் அது போன பிறகு வாங்கியதுதான் பழைய தேக்கு. இரண்டையும் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்திவிட்டேன். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குப் பழைய தேக்கைத்தான் சொல்வேன்.

அழகு என்று பார்த்தால் புதுசு புதுசுதான். வழவழப்பு, வேண்டிய நிறம், அடியில் சாமான் வைக்கப் பெட்டி, வீட்டு வாசலில் வந்து மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். பழைய கட்டிலில் இதெல்லாம் கிடையாது. ஒரே வீட்டில் அசையாமல் இருக்கப் போகிறவர்களுக்கு பார்ட்டிகிள் போர்டு பல வருடம் உழைக்கும் என்பதையும் மறுக்க மாட்டேன்.

சிக்கல் கழற்றி மாட்டும்போதுதான் வருகிறது. மரச் சில்லுகளைப் பசையோடு கலந்து சூட்டில் அழுத்திச் செய்வது பார்ட்டிகிள் போர்டு. மரத்துக்கு உள்ள நார் அதில் இல்லை. முதல் தடவை முறுக்கும்போது ஸ்க்ரூ நன்றாகவே பிடிக்கும். கழற்றினால் மரையோடு சேர்ந்து தூளும் வரும். அதே ஓட்டையில் திரும்ப முறுக்கினால் பாதிப் பிடிதான் கிடைக்கும். முதல் வீடு மாறியபோது தீக்குச்சியை ஃபெவிக்காலில் தோய்த்து ஓட்டையில் செருகி, காய்ந்ததும் முறுக்கிச் சமாளித்தோம். திரும்பிப் படுத்தாலே கிரீச் என்று சத்தம். இரண்டாவது தடவை கழற்றியபோது பக்கச் சட்டத்தின் முனை பிஸ்கட் மாதிரி உதிர்ந்து கையோடு வந்தது. வந்து பார்த்த ஆசாரி, “இனி இதுல ஸ்க்ரூ நிக்காது தம்பி, வேற பலகைதான் போடணும்” என்றார். பழைய சாமான் எடுப்பவர் 800 ரூபாய் கொடுத்து எடுத்துப் போனார்.

இப்போது உள்ள தேக்குக் கட்டிலில் சட்டத்தையும் தலைமாட்டையும் இணைப்பது நீளமான போல்ட்டும் நட்டும். இரும்பு மரையை இரும்புதான் பிடித்துக்கொள்கிறது; மரத்துக்கு அந்த வேலையே இல்லை. எத்தனை தடவை கழற்றினாலும் பிடி தளராது. மரை தேய்ந்தாலும் ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்கு வேறு போல்ட் வாங்கிக்கொள்ளலாம். என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது இந்த ஒரு விஷயம்தான்.

வாங்கும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு மூன்று வாரம் போனேன். கடைசியில் பழைய சாமான் கடை ஒன்றில்தான் அமைந்தது. மேலே அடித்த பாலிஷைப் பார்க்காதீர்கள், கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு அடிப்பக்கம் பாருங்கள். அங்கே பாலிஷ் இருக்காது, மரத்தின் உண்மை நிறம் தெரியும். தேக்கின் வைரம், அதாவது உள்மரம், பொன்பழுப்பாக இருக்கும். வெளிறிய பகுதி நிறைய இருந்தால் விட்டுவிடுங்கள், பூச்சி முதலில் பிடிப்பது அங்கேதான். ஓரமாகக் கொஞ்சம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் தோல் பொருள் மாதிரி ஒரு வாசனை வரும். குண்டூசித் துளைகள் இருந்து, தட்டினால் மாவு கொட்டினால், என்ன விலை குறைத்தாலும் வேண்டாம். இணைப்புச் சந்துகளில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் மூட்டைப்பூச்சி இருந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் கட்டிலிலும் இருந்தது. மொட்டை மாடியில் பிரித்துப் போட்டு, சந்து சந்தாகக் கொதிநீர் ஊற்றி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்த பிறகே கீழே இறக்கினோம்.

கட்டில் 11,500, வண்டி 900, தேய்த்துப் பாலிஷ் போட ஆசாரிக்கு 3,800. மொத்தம் 16,200. ஆக, புது பார்ட்டிகிள் போர்டைவிட மலிவு என்று சொல்ல முடியாது. ஆனால் பாலிஷ் போட்ட பிறகு அதே கடைக்காரர், “எப்ப வேணும்னாலும் கொண்டு வாங்க சார், ஒன்பதாயிரம் தர்றேன்” என்று சொல்லியிருக்கிறார்.

மெத்தை விஷயத்தில் கொஞ்சம் அலைச்சல் உண்டு. இப்போது கடையில் கிடைக்கும் இரட்டைக் கட்டில் மெத்தை பெரும்பாலும் 60க்கு 78 அங்குலம். பழைய கட்டில்கள் அந்த அளவுக்கு இருப்பதில்லை. எங்களுடையது 54க்கு 75. தென்னை நார் மெத்தையை அளவு சொல்லி வெட்டித் தைத்து வாங்கினோம். ஒரு வாரம் ஆனது. கட்டிலைப் பேசி முடிக்கும் முன்பே டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் தரைத்தள வீட்டுக்குள் அரை அடி தண்ணீர் ஒன்றரை நாள் நின்றது. கட்டில் கால்களில் பாலிஷ் வெளுத்ததோடு சரி. அதே அறையில் இருந்த பார்ட்டிகிள் போர்டு அலமாரியின் அடிப்பலகை அப்பம் மாதிரி உப்பி, கதவு சாத்த முடியாமல் போனது.

இரும்புக் கட்டில் நான் வைத்திருந்ததில்லை. தம்பி வீட்டில் இருக்கிறது, 7,000 ரூபாய். கழற்றி மாட்ட அதுவும் சுலபம்தான். கடற்கரைப் பக்கம் என்பதால் கால் முனைகளில் துரு ஏறுவதைப் பார்த்திருக்கிறேன். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள ப்ளைவுட் வாங்கி ஆசாரியிடம் செய்யச் சொல்வது இன்னொரு வழி. தண்ணீருக்கு அது தாங்கும் ரகம். கூலியோடு கணக்குப் போட்டால் எங்கள் கைக்கு எட்டவில்லை.

அலமாரிக்கு மட்டும் நான் தேக்கு பக்கம் போகவில்லை. பழைய தேக்கு அலமாரி இரண்டு பார்த்தோம். கழற்ற முடியாத ஒரே பெட்டி, நான்கு ஆள் இல்லாமல் நகராது, இந்த வீட்டு மாடிப்படியில் திருப்பவும் முடியாது. பழைய இரும்பு பீரோ ஒன்றை 5,500 ரூபாய்க்கு வாங்கிப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறோம்.