மலையகத்து மழைக்கு இந்த மழைமானி போதுமா?

ஹட்டனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வாங்கிய இந்தப் பிளாஸ்டிக் மழைமானி, மேலே புனலும் உள்ளே கோடிட்ட ஒடுங்கிய குழாயும் கொண்ட எளிய கருவி. மரக்கறிப் பாத்தியருகே கம்பத்தில் பொருத்தி, ஐப்பசி மழை முழுவதையும் இதனால் அளந்தேன்.

வாசிப்பு நுணுக்கமானது. குழாய் ஒடுங்கியிருப்பதால் தூறல் விழுந்த நாளிலும் அரை மில்லிமீற்றரைப் பிரித்தறியலாம். தண்ணீர் ஓரத்தில் ஏறி நடுவில் குழிந்து நிற்கும் என்பதால், குழிவின் அடியைக் கண்மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30 மணியை வைத்தே 24 மணி நேர மழையைக் கணக்கிடுவதால், நாமும் அந்நேரத்தில் வாசித்தால்தான் ஒப்பீடு பொருந்தும்.

பெட்டியோடு வரும் பதிவட்டையில் மாதச் சராசரிக்கென ஒரு நிரல் உண்டு. அதில் எந்த ஊரின் சராசரியை எழுதுவது என்பதை அட்டை சொல்வதில்லை, மலையகத்திலோ அதுவே முதற் கேள்வி. நுவரெலியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,900 மில்லிமீற்றர் பெய்கையில், தென்மேற்குப் பருவக்காற்றை நேரே வாங்கும் வட்டவளைப் பக்கம் 5,000 மில்லிமீற்றரையும் தாண்டுகிறது. பதுளைப் பக்கமோ வடகீழ்ப் பருவமழையை நம்பியிருக்கிறது. ஆகவே அருகிலுள்ள நிலையத்தின் 1991–2020 முப்பதாண்டுச் சராசரியையோ, தோட்ட ஆபீசின் பழைய மழைப் பதிவேட்டையோ கேட்டு வாங்குவது நல்லது. பதிவேடு அங்குலத்தில் இருந்தால் 25.4 ஆல் பெருக்க வேண்டும்.

பெருங்குறை கொள்ளளவு. குழாய் 100 மில்லிமீற்றரில் நிறைந்துவிடுகிறது. அதற்கு மேல் விழுவது வழிந்தோடிப் போவதால், கொட்டித் தீர்த்த மாதமும் அட்டையில் சராசரி மாதம் போலத் தெரியும். மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்தில் 75, 100, 150 மில்லிமீற்றர் என்ற எல்லைகளைக் கவனிக்கிறது. மண்சரிவில் மீரியபெத்தைத் தோட்டக் குடியிருப்பை இழந்த மக்களாகிய நமக்கு, மூன்றாவது எல்லையைக் காட்டாத கருவி போதாது.

150 மில்லிமீற்றருக்கு மேல் கொள்ளும் மாதிரி கிடைத்தால், விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்குங்கள். இதைத்தான் வாங்குவதென்றால், அடைமழை நாளில் குழாய் நிறையுமுன்னரே வாசித்து ஊற்றிவிட்டு, அந்த அளவை மறுநாள் காலைக் கணக்குடன் கூட்டி எழுதுங்கள்.